பூசத்துக்கு ஒன்பது நாள் முந்திய பிறந்தநாள்

முருகனடியார்களே, என் பேத்தி தர்ஷினியின் பெயர் நீதிமன்றக் கோப்பில் இரண்டு வருடம் நான்கு மாதம் கிடந்தது. பதினைந்து வயதில், இரண்டு சிநேகிதிகளோடு சேர்ந்து தோட்டத்து றப்பர் மரங்களில் உறைந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பாலைத் திருடி, ஒரு சாக்கில் கட்டி விற்கப் போனாள். தோட்டக் காவலாளி பண்டார பிடித்தார். வழக்கானது. ஒரு வருடம் நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பில் இருந்தாள். அதன்பின் ஒரு தவறும் இல்லை. தாதியாக வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் விண்ணப்பத்தோடு பொலிஸ் சான்றும் கேட்பார்களே! எனக்குத் தூக்கம் போனது.

பதினெட்டு வயது நிறைவதற்குள் மனுக் கொடுத்தால், அந்தப் பதிவை முத்திரையிட்டு மூடும்படி கேட்கலாம் என்றார் வழக்கறிஞர். ஐந்து தாள்கள் வேண்டும். நான்கைச் சேர்த்துவிட்டேன். ஐந்தாவது, தனக்கு ஆட்சேபனை இல்லை என்று பண்டார எழுதித் தரவேண்டிய கடிதம். வழக்கு நாளிலிருந்து அவரோடு நான் பேசவில்லை. அவர் முகத்தில் விழிக்கக்கூடாது என்று முருகனிடமே வேண்டியிருக்கிறேன். தைப்பூசத்துக்குப் பதினொரு நாள் இருக்கிறதே என்று தள்ளிப்போட்டேன்.

தர்ஷினி தைப்பூசத்தன்று பிறந்தவள். வீட்டில் அவளுக்கு அதுதான் பிறந்தநாள். பூசம் வருடத்துக்கு வருடம் தேதி மாறும் என்பதை, பள்ளிக்கூட மாஸ்டராக இருந்து எல்லாவற்றையும் எண்ணும் நானே மறந்தேன்.

அன்றே, புதன்கிழமை, வழக்கறிஞரின் எழுத்தர் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார். "மாஸ்டர், தேதிப்படி வெள்ளிக்கிழம பதினெட்டு முடிஞ்சிருது. நாளைக்குத்தான் கடைசி."

மீதி இருந்தது ஒரே நாள். ஆனாலும் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். வியாழன் காலை ருவான்வெல்லையில் உள்ள பண்டாரவின் வீட்டுக்குப் புறப்பட்டேன். நாற்பது நிமிடம் மழையில் நின்றும் பஸ் வரவில்லை. "முருகா, தள்ளிப்போட்டவன் நான். பிள்ளையைத் தண்டிக்காதே. அந்த மனிதனிடம் பேச எனக்கு வாய் கொடு" என்று அழுதேன்.

ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பண்டார!

"எங்க மாஸ்டர், இந்த மழையில?"

"ஒங்க வீட்டுக்குத்தான்."

"அனே! ரெண்டு வருசமா என்னக் கண்டா மூஞ்சியத் திருப்புனீங்க. இன்னைக்கு என் வீட்டுக்கா?"

விஷயத்தைச் சொன்னேன். அவருடைய கேலிச் சிரிப்பு நின்றது.

"புடிக்காம விட்டிருந்தா என் வேல போயிருக்கும் மாஸ்டர். அந்தப் புள்ளைக்குக் கேஸ் ஆகணும்னு நான் நெனைக்கல. ஏறுங்க."

வழக்கறிஞரின் மேசையிலேயே சிங்களத்தில் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டார். நீதிமன்றப் பதிவறை மூடப் பதினொரு நிமிடம் இருக்கும்போது மனு ஏற்கப்பட்டது. இரண்டு மாதத்தில் பதிவை மூடும் உத்தரவு வந்தது. தர்ஷினி தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டாள்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பிள்ளைகள் இருக்கலாம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். சான்றிதழை எடுத்துத் தேதியைப் பாருங்கள். முருகனை நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு வீட்டிலேயே உட்காராமல் ரோட்டுக்கு வாருங்கள். உதவியை யார் கையில் கொடுத்து அனுப்புவது என்பதை அவன் பார்த்துக்கொள்வான்.

முன்பு நான் தினமும் ஐந்து பேரின் பெயர் சொல்லி வேண்டுவேன். இப்போது ஆறு பேர். ஆறாவது பண்டார.