பதினைந்து பேர் இருந்தால் பிரிக்கலாம்

எங்கள் பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயிலில் ஏற வேண்டுமென்றாலும் முதலில் பஸ்ஸில்தான் ஏற வேண்டும். அந்த ஊரில் பிறந்துவிட்டு இருபது வருடத்துக்கு மேலாக ரயில்வேயில் வேலை பார்க்கிறேன் என்றால் சொந்தக்காரர்களே ஒரு தினுசாகப் பார்ப்பார்கள். காலை முதல் பஸ்ஸில் அரியலூர் போய் இறங்கித் தண்டவாளத்தில் நடக்க ஆரம்பிப்பேன். கீமேன் வேலை. தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், பையில் கொடிகள். தண்டவாளத்தை ஸ்லீப்பர் கட்டையோடு பிடித்து வைத்திருக்கும் கிளிப்புகளில் எது தளர்ந்திருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஒரு பக்கமாகப் போய் இன்னொரு பக்கமாகத் திரும்ப வேண்டும். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. சிமெண்ட் வேகன்கள் போகும்போது நான் பச்சைக்கொடி காட்டுவேன், என்ஜினில் இருப்பவர் கையை அசைப்பார். முகம் பிடிபடுவதற்குள் போய்விடுவார்.

வீட்டிலும் ஆள் இல்லை. மனைவி விருதுநகரில் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில், அவளுக்கு இந்தப் பக்கம் மாற்றல் வாங்கிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்கள் கல்யாணச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள், மாற்றல் வரவில்லை. மகள் பிறந்து அங்கேயே பள்ளியில் சேர்ந்தாள். நான் மாதம் இரண்டு முறை போய்வரும் விருந்தாளி ஆனேன். அந்த வீட்டில் உப்பு டப்பா எது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் கேட்பேன், ஒவ்வொரு முறையும் மகள் சிரிப்பாள்.

அவள் ஆறாவது படிக்கும்போது நான் விருதுநகர்ப் பக்கம் மாற்றல் கேட்டு விண்ணப்பம் போட்டேன். வேறு ரயில்வே கோட்டத்துக்குப் போனால் என் சீனியாரிட்டி போய்விடும். நேற்று சேர்ந்தவருக்கும் கீழேதான் என் பெயர் வரும். போனால் போகட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அவள் பன்னிரண்டாவது முடித்து ஏதாவது கல்லூரி விடுதிக்குப் போவதற்குள் இரண்டு வருடமாவது ஒரே வீட்டில் இருந்துவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். போனில் தட்டிப் பார்த்தால் 'பரிசீலனையில் உள்ளது' என்று காட்டும். அவள் பத்தாவது வந்த பிறகும் அதையே காட்டிக்கொண்டிருந்தது.

தொழிற்சங்கத்தில் நான் கிளைச் செயலாளர் ஆனதற்குத் தொழிலாளர் பாசம் மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். ஞாயிற்றுக்கிழமைகள் தாங்க முடியவில்லை, அதுதான் உண்மை. ஒரு ஆளுக்கு உலை வைத்து, ஒரு தட்டைக் கழுவி வைத்துவிட்டால் அதற்குமேல் செய்வதற்கு வேலை இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு அரியலூரில் கிளைக் கூட்டம். ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரு காலத்தில் சாமான் வைத்திருந்த அறை. ஷீட் போட்ட கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, தீர்மான நோட்டு. நான் மூன்று மணிக்கே போய்ப் பெருக்கிவிட்டு நாற்காலிகளைப் போடுவேன். ரயில்வே கேட்டில் குடிதண்ணீர் இல்லை, மழைக்கோட்டு வரவில்லை, தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வேன். என்னிடம் நாலு பேர் முகம் பார்த்துப் பேசுகிற நாள் அது.

கடிதம் பிரிக்கிற விதி நான் கொண்டுவந்தது. எனக்கு முன்னால் இருந்த செயலாளர் சங்கத்துக்கு வரும் கடிதங்களைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போவார். சிலது கூட்டத்துக்கு வரும், சிலது வராது. யாருக்கோ குவார்ட்டர்ஸ் விஷயமாக வந்த கடிதம் காணாமல் போய்ப் பெரிய சண்டையாகிவிட்டது. நான் பதவிக்கு வந்த முதல் கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவந்தேன். சங்கத்துக்கு வரும் எந்தக் கடிதமும் பிரிக்காமல் பிஸ்கட் டின்னில் போடப்படும். கூட்டத்தில் குறைந்தது பதினைந்து உறுப்பினர்கள் இருந்தால், அவர்கள் கண் முன்னால் தலைவர் உறையைக் கத்தரிப்பார், செயலாளர் உரக்க வாசிப்பார். பதினைந்துக்குக் குறைந்தால் டீ குடிக்கலாம், பேசலாம். தீர்மானமும் கிடையாது, கடிதமும் கிடையாது. அன்றைக்கு அறை நிறைய ஆள். கை தட்டினார்கள் பாருங்கள், அப்படி ஒரு தட்டல். அந்தச் சத்தத்தை நினைத்துக்கொண்டே ஒரு வாரம் தண்டவாளத்தில் நடந்தேன்.

பிறகு ஆட்கள் குறைந்தார்கள். எல்லா உத்தரவும் வாட்ஸப் குரூப்பில் வந்துவிடுகிறது, நேரில் வந்து என்ன செய்ய? யாரையும் குறை சொல்ல முடியாது. ஆறு நாள் வெயிலில் வேலை செய்தவன் ஏழாவது நாள் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கத்தான் பார்ப்பான். முடிந்தால் நானும் அதைத்தானே செய்வேன்.

கூட்டம் முடிந்து நான் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது மகள் போன் செய்வாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"இன்னைக்கு எத்தனை பேருப்பா வந்தாங்க?"

"முப்பது பேரு இருக்கும்மா. நாற்காலி பத்தல."

ஆரம்பத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது. பிறகு எண்ணிக்கை குறைந்தது, என் பதில் குறையவில்லை. அப்பா தனியாகக் கிடக்கிறார் என்று அந்தப் பிள்ளை நினைக்க வேண்டாமே என்று பார்த்தேன்.

மகள் பத்தாவது வந்த அந்த வருடம் கோடை முடிகிற சமயத்தில், கோட்ட ஆபீசிலிருந்து கிளைச் செயலாளர் என்று முகவரி போட்ட பழுப்பு உறை ஒன்று வந்தது. டின்னில் போட்டேன். அடுத்த கூட்டத்துக்கு வந்தது ஏழு பேர். அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு நோட்டில் 'போதிய உறுப்பினர்கள் இல்லை, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கடுத்த மாதம் என்னையும் தலைவரையும் சேர்த்து நாலு பேர். தலைவர் ஓய்வு பெற ஒரு வருடம் இருந்த பாயிண்ட்ஸ்மேன், ஸ்டேஷனில் ரயிலுக்குத் தடம் மாற்றிவிடுகிறவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். டின்னை எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

"மூணு கவரு கெடக்குது. பிரிச்சுத் தொலைங்களேன் செயலாளரே. நம்ம நாலு பேருதான, யாரு கேக்கப் போறா?"

"விதின்னா விதிதாங்க" என்றேன். "இன்னைக்கு நம்ம மீறுனா, நாளைக்கு எவன் வேணா மீறுவான்."

"அட போங்க" என்று டின்னை மூடி வைத்துவிட்டு டீயைக் குடித்தார். அவர் சொன்னதைக் கேட்டிருந்தாலும் காலம் கடந்துதான் போயிருக்கும் என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். முதல் மாதமே பிரித்திருக்க வேண்டும். ஆனாலும் 'விதின்னா விதிதாங்க' என்று நான் சொன்ன தோரணை நினைவுக்கு வந்தால் எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது.

மூன்றாவது மாதம் கூட்டம் கூடியது. ஆபீசில் புது ஷூவுக்கு அளவு கேட்டிருந்தார்கள். நேரில் வந்து சொல்பவர்களுக்குத்தான் பட்டியலில் இடம் என்று குரூப்பில் போட்டேன். இருபத்திரண்டு பேர் வந்துவிட்டார்கள். எனக்குக் கால் தரையில் படவில்லை. அளவு அப்புறம், முதலில் கடிதம் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். தலைவர் உறைகளைக் கத்தரித்துக் கொடுத்தார். ஆங்கிலத்தில் இருப்பதை வழக்கம்போல நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். முதல் இரண்டும் சாதாரணச் சுற்றறிக்கைகள். மூன்றாவது அந்தப் பழுப்பு உறை.

"தங்கள் கிளைப் பொறுப்பாளர் பட்டியலில் உள்ள கீழ்க்கண்ட ஊழியர், சொந்த விருப்பத்தில் மாற்றல் கேட்டிருந்தார். அவருடைய முறை வந்துள்ளது. பொறுப்பாளரை மாற்ற சங்கத்தின் சம்மதம் வேண்டும் என்பதால், முப்பது நாட்களுக்குள் சம்மதக் கடிதம் அனுப்பவும். வராவிட்டால் சம்மதம் இல்லை என்று கொண்டு விண்ணப்பம் முடித்து வைக்கப்படும்."

கீழே பெயர் இருந்தது. என் பெயர். உரக்க வாசிப்பது செயலாளரின் கடமை, அதையும் வாசித்தேன். தேதியைப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்தப் பட்டியல் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சங்க வேலை செய்கிறவனைப் பழிவாங்க எங்கேயாவது தூக்கி அடித்துவிடக் கூடாது என்பதற்காக, இவர்களை எங்கள் சம்மதம் இல்லாமல் மாற்றாதீர்கள் என்று வருடா வருடம் கோட்ட ஆபீசுக்குப் பெயர்களை அனுப்புவோம். அனுப்புவது நான்தான். வேறு யாராவது மாற்றல் கேட்டு வந்திருந்தால், முதலில் உன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி எழுதுப்பா என்று நானே சொல்லியிருப்பேன். என் விண்ணப்பத்துக்கு அது எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு வருடமும் என் பெயரை என் கையாலேயே எழுதி, இவனை விடாதீர்கள் என்று அனுப்பியிருக்கிறேன்.

வாசித்து முடித்ததும், ஒன்பது வருடமாக என் பக்கத்து நாற்காலியில் உட்காரும் டிராக்மேன் கேட்டார்.

"உங்க வூடு பெரம்பலூர்ல தானண்ணே இருக்கு? விருதுநகருக்கு எதுக்கு?"

எனக்கு மனைவி, மகள் இருப்பது அவருக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. எல்லார் வீட்டுக் கதையும் எழுதிக்கொண்ட நோட்டில் என் வீடு இல்லை.

"குடும்பம் அங்க இருக்கு" என்றேன்.

"விடுங்கண்ணே" என்றார் பின்வரிசையில் ஒருவர். "ஒரு வகையில நல்லதுதான். நீங்க போயிட்டா எங்களுக்கு யாரு எழுதுவா?" அவர் அன்பாகத்தான் சொன்னார். மற்றவர்கள் கை தட்டினார்கள். விதி போட்ட அன்றைக்குத் தட்டிய அதே தட்டல். அழுகை வந்தது. நோட்டில் குனிந்து 'கடிதம் வாசிக்கப்பட்டது, பதிவு செய்யப்பட்டது' என்று எழுதினேன். அதற்குள் ஒருவர், "அண்ணே, எனக்கு எட்டு" என்றார். ஷூ அளவு. எட்டு என்று எழுதிக்கொண்டேன். மிச்சம் இருபத்தொரு பேருக்கும் எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அன்று மகள் போன் செய்தபோது எடுக்கவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு ரயிலேறிக் கோட்ட ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் மரியாதையான ஆள். பட்டியலைக் காட்டினார், கடிதத்தின் நகலைக் காட்டினார், எல்லாம் சரியாக இருந்தது. "நீங்கதான சார் செயலாளர்? உங்களுக்கு நீங்களே சம்மதம் குடுக்கலியா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. புதிதாக விண்ணப்பம் போடலாம், பெயர் கடைசியில் சேரும் என்றார். கடைசியிலிருந்து மேலே வர எத்தனை வருடம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் மகள் கல்லூரியே முடித்திருப்பாள்.

சாயங்காலம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு மனைவிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பதினஞ்சு பேரு இல்லைன்னா பிரிக்கக் கூடாதா?"

"ஆமா."

"யாரு போட்ட சட்டம் அது?"

"நான்தான்."

வையப்போகிறாள் என்று காத்திருந்தேன். வையவில்லை. கணக்கு டீச்சர் அல்லவா, எண்களுக்குத்தான் போனாள்.

"போன மாசம் முப்பது பேரு வந்தாங்கன்னு பாப்பாகிட்ட சொன்னீங்க. அதுக்கு முந்துன மாசம் நாற்காலி பத்தலைன்னீங்க. அப்ப ஏன் பிரிக்கல?"

இந்த இடம் வரும் என்று நான் யோசித்திருக்கவே இல்லை. பக்கத்தில் ஒரு லாரி சிமெண்ட் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. சத்தம் அடங்கியதும் சொன்னேன்.

"போன மாசம் நாலு பேரு. அதுக்கு முந்தி ஏழு."

"அதுக்கும் முந்தி?"

"பத்துப் பன்னெண்டு வரும். அவ்வளவுதான்."

மகளின் குரல் கேட்டது. போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது.

"அப்பா."

"சொல்லும்மா."

"நீங்க அங்க அத்தனை பேரோட சந்தோஷமா இருக்கீங்கன்னு நெனச்சேன்ப்பா. அதனாலதான் வந்துருங்கன்னு ஒரு தடவகூட கேக்கல."

"பஸ் வந்துருச்சும்மா, வைக்கிறேன்" என்றேன்.

பெரம்பலூர் பஸ் வருவதற்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.