எது பெரிது என்று கேட்டவர்களுக்கு

இதை எழுத எனக்குப் பல வருஷத் தயக்கம். எழுதினால் ஏதாவது ஒரு பக்கத்தார் மனம் நோவார்கள் என்று பயம். இங்கே சிங்கப்பூரில் எங்கள் சபையில் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறார்கள். பேரப்பிள்ளைகளோடு பேசலாமே என்று நானும் போகிறேன். போன வாரம் சீன டீச்சர் இரண்டு மாம்பழங்களைக் காட்டி, இது அதைவிடப் பெரிது என்று சொல்லப் பழக்கினார். பிக், பிக்கர். சரியாகச் சொன்னேன். பிறகு, உன் வீட்டுக்காரர் மலையாளம், நீ தமிழ், "விச் இஸ் பெட்டர்?" என்றார். "போத் பெட்டர், டீச்சர்" என்றேன். ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று சிரித்தார்.  அந்தக் கேள்வியால் ஒரு காலத்தில் என் கல்யாணமே நின்றுபோக இருந்தது.

தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று எல்லைப் போராட்டம் நடந்த நாட்கள். பாறசாலையில் எங்களுடையது தமிழ் பேசும் வீடு; நெய்யாற்றின்கரையில் மாப்பிள்ளையுடையது மலையாளம் பேசும் வீடு. அதுவரை அது ஒரு விஷயமே இல்லை. எல்லோரும் இரண்டையும் பேசுகிறவர்கள்தான். அப்போதோ ஊர்வலமும் போலீசுமாக, எது பெரிது என்று வழிமறித்துக் கேட்டார்கள். நிச்சயத்துக்கு முன்பே மாப்பிள்ளையின் பெரியப்பா சொல்லி அனுப்பிவிட்டார்: பெண்ணின் அப்பா செய்யும் ஜெபம் மலையாளத்தில் இருக்க வேண்டும், தமிழ் கேட்டால் எழுந்துபோவோம். அப்பா ஒத்துக்கொண்டார்.

நிச்சயத்தன்று எல்லோரும் கண்ணை மூடினோம். "ஸ்வர்க்கஸ்தனாய பிதாவே" என்று அப்பா நன்றாகத்தான் தொடங்கினார். என் பெயர் வந்த இடத்தில் குரல் உடைந்தது. பிள்ளைகளுக்காக அவர் எந்நாளும் தமிழில்தான் ஜெபிப்பார். "எங்க தங்கபாய உம்ம கையில தாறேன் ஆண்டவரே..."

"கேட்டியளா, தமிழாக்கும்!" பெரியப்பா தமிழிலேயே கத்தி, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஜெபத்துக்கு எடையிலயா எந்திரிப்பிய அத்தான்? கண்ண மூடும்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, தம் கண்ணைத் திறக்காமலே.

ஆமென் கேட்கும்வரை யாரும் அசையக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். ஆமென் சொல்லவே இல்லை. மழைக்காக, சீக்காளிகளுக்காக, ஜெயிலில் கிடப்பவர்களுக்காக, அடித்த போலீசுக்காக என்று இரண்டு பாஷையும் கலந்து ஜெபம் நீண்டது. நான் கண்ணை இறுக மூடி அழுதுகொண்டிருந்தேன். நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. பெரியப்பா உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தது. அதன் பிறகும் அப்பா விடவில்லை. பெரியப்பாவின் சினைப் பசுவுக்காக மன்றாடத் தொடங்கினார்.

"மதி, போதும் ஓய்! பசுவ நான் பாத்துக்கிடுதேன். சாயா ஆறுது. ஆமென்!" என்றார் பெரியப்பா. வீடே சிரித்துக்கொண்டு ஆமென் என்றது.

பிறகு எல்லைக் கோடு விழுந்தது. பிறந்த வீடும் புகுந்த வீடும் கேரளத்தில் நின்றன. அக்கா வாழ்ந்த களியக்காவிளை தமிழ்நாட்டுக்குப் போனது. கர்த்தர் கிருபையால் நாங்கள் இங்கே இருக்கிறோம். சாயங்கால ஜெபத்தை என் வீட்டுக்காரர் மலையாளத்தில் தொடங்குவார். பிள்ளைகள் பெயர் வரும்போது நான் தமிழில் எடுத்துக்கொள்வேன். பேரப்பிள்ளைகளுக்கு இரண்டும் புரியாது. கண்ணை மூடியபடி ஆமெனுக்காகக் காத்திருப்பார்கள். இதை வாசிப்பவர்கள் ஊரில் யாரிடமாவது சொன்னால், அப்பாவைப் பெரியவராக்காமல், பெரியப்பாவைச் சிறியவராக்காமல், நடந்தபடியே சொல்லுங்கள்.