வாய்க்கால் ஓரத்துப் பதினாலு வரிசை

1. வாரண்ட்

அட்வகேட் கமிஷனராக நான் போன முதல் வேலை, வாழை மரம் எண்ணுவது.

பி.இ. சிவில் படித்து, மன்னார்புரத்தில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இரண்டு வருஷம் சர்வே பார்த்துவிட்டு, அதன் பிறகு சட்டம் படித்தவள் நான். ஸ்ரீரங்கத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த வேலைக்கான கோர்ட் உத்தரவு, அதாவது வாரண்ட், என் பெயருக்கு வந்ததும் சீனியர் சிரித்துவிட்டார். "டேப் பிடிக்கத் தெரிஞ்ச வக்கீல் நீ ஒருத்திதான்னு ஜட்ஜுக்கு யாரோ சொல்லிட்டாங்க போலிருக்கு" என்றார்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஜூனியர்களுக்காக, கமிஷனர் என்றால் யார் என்று ஒரு வரி. நேரில் பார்த்தால்தான் தெரியும் என்கிற விஷயத்தை நீதிபதிக்குப் பதிலாகப் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வருகிற வக்கீல். இரண்டு தரப்புக்கும் பொது.

வழக்கு தொட்டியம் பக்கத்தில் ஒரு முன்சீப் கோர்ட்டில் நடந்தது. வாதி செல்வி. நாற்பது வயது இருக்கும். பதினோரு பெண்களைச் சேர்த்துக்கொண்டு வாழைத் தோட்டங்களில் மொத்தமாக வேலை எடுத்துச் செய்கிற மேஸ்திரி. பிரதிவாதி துரைராஜ், தோட்டத்துக்காரர்.

குலை தள்ளிய வாழை காற்றில் சாயாமல் இருக்க, ஒவ்வொரு மரத்துக்கும் கம்பு ஊன்றிக் கட்டுவார்கள். முட்டுக் கொடுப்பது என்று பெயர். மரத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு செல்வியின் ஆட்கள் தோட்டம் முழுக்க முட்டுக் கொடுத்தார்கள். கூலி வரவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு வழக்குப் போட்டார்கள்.

துரைராஜின் பதிலுரையில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, வாய்க்கால் ஓரத்துப் பதினாலு வரிசைக்கு முட்டே கொடுக்கவில்லை. இரண்டு, கொடுத்த மரங்களுக்கு உண்டான கூலியை ரொக்கமாகச் செல்வியின் கையில் கொடுத்தாயிற்று.

செல்வியைச் சாய்த்தது இந்த இரண்டாவதுதான். இந்த வேலையில் ரசீது எழுதும் வழக்கம் கிடையாது. கூலியை மேஸ்திரி கையில் கொடுப்பார்கள், மேஸ்திரி பிரித்துக் கொடுப்பார். 'கையில் கொடுத்தேன்' என்று கோர்ட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டதால், பதினோரு பெண்களும் செல்வியை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். நான் வாரண்ட் வாங்கப் போன அன்றைக்குக் கோர்ட் வாசலில் அவர்களில் ஒருத்தி, மாரியாயி, எல்லார் முன்னாலும் சொன்னாள்: "நீ வாங்கலைன்னா சரிதான் செல்வி. வாங்கிட்டு வாங்கலைன்னு சொல்லாம இருந்தா அதவிட சரி."

செல்வி வாசலில் இருந்த புங்கமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கில் தோற்றால் கூலி மட்டும் போகாது, மறுநாளிலிருந்து அவர் கூப்பிட்டால் யாரும் வேலைக்கு வரமாட்டார்கள் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்தது.

பணம் கைமாறியதா என்பதைக் கமிஷனர் பார்க்க முடியாது. மரத்தைப் பார்க்கலாம். இரண்டு வாரத்தில் அறுவடை. தார் வெட்டியதும் கம்புகளைப் பிடுங்கி அடுக்கிவிடுவார்கள். நீதிபதி கேட்டார்: "வெட்டு ஆரம்பிச்சுட்டா அப்புறம் எண்ணறதுக்கு என்னம்மா இருக்கும்? வர்ற சனிக்கிழமையே போயிட்டு வந்துடுங்க."

2. பையில் இருந்தவை

வாரண்ட், இரண்டு நகலோடு. ஃபீல்டு புக். பென்சில் மூன்று, சீவியது. முப்பது மீட்டர் டேப். எண்ணி முடித்த வரிசையில் கட்ட சிவப்பு ரிப்பன். போன், பவர் பேங்க். தண்ணீர் இரண்டு லிட்டர். தயிர்சாதம், நார்த்தங்காய்.

கடைசி இரண்டும் சட்டப்படி இல்லாவிட்டாலும் நியாயப்படி முக்கியம். கமிஷனர் எந்தத் தரப்பிடமும் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கக் கூடாது என்று நானே வைத்துக்கொண்ட விதி.

பையில் இல்லாதது: சேற்றுக்கு ஏற்ற செருப்பு. நம்பர் ஒன் டோல்கேட்டில் பஸ் ஏறும்போதே இது ஞாபகம் வந்தது. பஸ் கிளம்பிவிட்டது.

3. உபசாரம்

தோட்டத்தில் இரண்டு தரப்பும் தயாராக இருந்தார்கள். செல்வி, அவருடைய பதினோரு பெண்கள், இலவச சட்ட உதவியிலிருந்து வந்த அவருடைய வக்கீல் அமுதா. எதிர்ப்பக்கம் துரைராஜ், அவருடைய வக்கீல் முரளி.

துரைராஜ் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. வெள்ளை வேட்டி, நல்ல சிரிப்பு.

"வெயில்ல வந்திருக்கீங்க மேடம். ஒரு எளநி வெட்டச் சொல்லட்டா?"

"வேண்டாங்க."

"மோரு?"

"வேண்டாங்க."

"சரி, தண்ணியாவது குடிங்க."

"கொண்டு வந்திருக்கேங்க."

"என்னங்க இது! சண்டைக்காரன் வீட்டுக்குப் போனாக்கூட தண்ணி குடிப்பாங்க."

அவர் முடித்ததும் பெண்கள் பக்கமிருந்து ஒரு தூக்குவாளி வந்தது. எலுமிச்சை சாதமாம். அதையும் வேண்டாம் என்றேன். மாரியாயி தீர்ப்புச் சொன்னாள்: "விடுங்கடி. இந்தம்மா ரெண்டு பேருக்கும் சொந்தமில்ல."

எண்ணும் முறை எளிது. ஒரு வரிசைக்கு ஒரு பக்கம் செல்வி தரப்பில் ஒருத்தர், மறுபக்கம் துரைராஜ் தரப்பில் ஒருத்தர். நான் நடுவில். மரம், முட்டு உண்டா, நிற்கிறதா சாய்ந்திருக்கிறதா. மூன்று கட்டம். இருவரும் 'சரி' என்றால்தான் எழுதுவேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் மூவரும் திரும்பி நடந்து எண்ண வேண்டும். இரண்டு முறை திரும்பி நடந்த பிறகு யாருக்கும் தகராறு செய்யத் தோன்றவில்லை.

மேற்குப் பக்கம் முழுக்க முட்டு இருந்தது. எல்லாம் சணல் கயிற்றுக் கட்டு. ஆறேழு மரங்களில் மட்டும் சணல் இற்றுப்போய் மரம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. எழுதிக்கொண்டேன்.

பதினொன்றரை மணிக்கு, வாய்க்கால் பக்கம் திரும்பலாம் என்று நான் நடந்தபோது செல்வி குறுக்கே வந்தார்.

"அந்தப் பக்கம் வேணாங்க மேடம். ஒரே சேறு. உங்க செருப்பு வேற பட்டுச் செருப்பு மாதிரி இருக்கு."

"பரவாயில்லைங்க."

"பாம்பு இருக்கும் மேடம். இதுவரைக்கும் எண்ணினதே போதும். மிச்சத்தை விட்டுடறோம்."

அமுதா திரும்பிப் பார்த்தார். "என்ன செல்வி இது? பதினாலு வரிசைக் காசு. விட்டுடறேங்கறீங்க?"

செல்வி தரையைப் பார்த்தார். மற்ற பெண்களும் தரையைத்தான் பார்த்தார்கள். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மாரியாயிகூடத் தூக்குவாளி மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

துரைராஜ் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா மேடம்? நான் அப்பவே எழுதிக் குடுத்தேன்ல, அங்க முட்டே குடுக்கலைன்னு. வாங்க, வாங்க. பாம்பு கீம்பு ஒண்ணும் கிடையாது. நானே முன்னாடி போறேன்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வழிகாட்டினார்.

நான் ஃபீல்டு புக்கைத் திறந்து பென்சிலால் எழுதினேன்: 'வாதி வாய்க்கால் பகுதியைக் காட்ட மறுக்கிறார். எதையோ மறைக்கிறார்.'

இந்தக் கதையில் நான் செய்த தப்பு அந்த ஒரு வரி.

4. பதினாலு வரிசை

முட்டு இருந்தது. ஒரு மரம் விடாமல் இருந்தது. ஆனால் சணல் இல்லை. சேலைத் துணி.

ஊதா, மாம்பழ மஞ்சள், பச்சையில் சிவப்புக் கரை, புள்ளி போட்டது, பூப் போட்டது. பழைய சேலைகளை நீளநீளமாகக் கிழித்து, கம்பையும் மரத்தையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். காற்றில் முனைகள் ஆடின. திருவிழாவுக்குத் தோரணம் கட்டின மாதிரி இருந்தது தோட்டம்.

நான் செல்வியிடம் கேட்டேன்: "இது யார் கட்டினதுங்க?"

"நாங்கதாங்க." அவர் ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்தார். "தப்புதான். கயிறு குறைச்சலா வாங்கிக் குடுத்திருந்தாரு. பதினாலு வரிசை மிச்சம் நிக்குது, கயிறு தீந்துபோச்சு. அவரு திருச்சிக்குப் போயிட்டாரு, போனை எடுக்கல. சாயந்தரம் பெருங்காத்து வந்துருச்சு. கயித்துக்காக நாங்க காத்துக்கிட்டு இருக்கலாம், மரம் காத்துக்கிட்டு இருக்குமா? ஆளுக்கு ரெண்டு சேலை எடுத்துட்டு வரச் சொன்னேன்."

"இதை ஏன் வழக்குல சொல்லலை?"

"துணில கட்டறது வேலையே இல்லைங்க. துணி கட்டின ஆளுங்கன்னு பேராயிட்டா யாரும் கூப்பிட மாட்டாங்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எல்லாரும் பேசி வெச்சிருந்தோம்."

அமுதா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். வழக்கை ஜெயிக்கக் கூடிய ஒரே சாட்சியை, வேலையில் குறை என்று நினைத்துக் கட்சிக்காரர் தன் வக்கீலிடமே மறைத்திருக்கிறார்.

துரைராஜ் அதுவரை துணிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வரிசைகளுக்குள் அவர் வந்தே இருக்கவில்லை; வாங்கிக் கொடுத்த கயிறு அதுவரை எட்டாது என்பதை வைத்தே முட்டு இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார் போலிருக்கிறது. இப்போது பிடித்துக்கொண்டார்.

"சேலைத் துணியா? என் பூவன் வாழைக்குக் கிழிஞ்ச துணியா? பாருங்க மேடம், நல்லா பாருங்க. இப்படி வேலை பாத்தா எவன் காசு குடுப்பான்? நல்லவேளை, நான் ஒரு பைசா குடுக்கல!"

காற்று அடித்தது. துணிகள் ஆடின.

முரளி மெல்ல இருமினார். "சார். சார், கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. அங்க வெயில்."

மாரியாயி இரண்டு எட்டு முன்னால் வந்தாள். "அய்யா, இன்னொரு தடவ சொல்லுங்க. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

'கையில் கொடுத்தேன்' என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தவர் இன்னொரு தடவை சொல்லத் தேவையே இல்லை. பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்துக்கு எண்ணிக்கை நின்றது. ஒருத்தி தன் மஞ்சள் சேலையைக் கண்டுபிடித்து, நல்ல கரை, இன்னும் ஒரு வருஷம் உடுத்தியிருக்கலாம் என்று வருத்தப்பட்டாள். மாரியாயி செல்வியின் பக்கத்தில் போய் நின்றாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "வெயில்ல நிக்காத, தலை சுத்தும்" என்று சொல்லித் தன் துண்டை அவர் தலையில் போட்டாள்.

மிச்ச வரிசைகளை எண்ணி முடித்தோம். அங்கே ஒரு மரமும் சாயவில்லை. துணி இறுக்கமாகவும் இருந்தது, பட்டையை அறுக்கவும் இல்லை. மூன்றாவது கட்டத்தில் வரிசை வரிசையாக 'நிற்கிறது' என்று எழுதினேன்.

5. அழிக்காத வரி

கிளம்பும்போது முரளி அருகில் வந்தார். "மேடம், அவர் கோபத்துல ஏதோ சொன்னாரு. மரம் எண்ணத்தான் வாரண்ட். பேசினதை எழுதறது உங்க வேலை இல்லை."

அவர் சொன்னது சட்டப்படி சரிதான். ஆனால் நான் ஏற்கெனவே எழுதியிருந்தேன். சர்வேயில் கருவியில் பார்க்கிறவர் ரீடிங்கைக் கத்துவார், காது கேட்டதைக் கை எழுதிவிடும். அந்தப் பழக்கம். 'மணி 12.10. பிரதிவாதி: நல்லவேளை, நான் ஒரு பைசா குடுக்கல.'

ஃபீல்டு புக்கில் அழிப்பது கிடையாது. தப்பாக எழுதியிருந்தால் ஒரு கோடு போடலாம், அடியில் இருப்பது தெரிய வேண்டும். ஆகவே இப்படி முடிவு செய்தேன். அறிக்கையில் மரம், முட்டு, துணி, நிற்பது, சாய்ந்தது மட்டும். ஃபீல்டு புக்கை அப்படியே பின்னிணைப்பாக வைப்பது. படிக்கிறதும் விடுகிறதும் நீதிபதியின் விருப்பம்.

நீதிபதி படித்தார். பேசினதை எழுதினதற்கு முரளி ஆட்சேபணை சொன்னார். நீதிபதி அதைக் குறித்துக்கொண்டு, முன் பக்கத்தைப் புரட்டி என்னைக் கூப்பிட்டார்.

"'எதையோ மறைக்கிறார்'. இது என்னம்மா?"

விளக்கினேன்.

"அவங்க வேணாம்னு சொன்னதைக் காதால கேட்டீங்க. அதை எழுதலாம். மறைக்கிறாங்கன்னு எந்தக் கண்ணால பாத்தீங்க? அங்க மரத்துல சேலை இல்லாம இருந்திருந்தா, இந்த ஒரு வரி அந்தம்மாவைப் பொய்க்காரின்னு முடிச்சிருக்கும்."

"சாரி மேடம்" என்று நீதிபதியிடம் சொன்னேன்.

அந்த வரியின் மேல் ஒரு கோடு போடச் சொன்னார். போட்டேன். இன்றைக்கும் கோப்பில் அது படிக்கிற மாதிரிதான் இருக்கிறது.

அடுத்த வாய்தாவுக்குள் துரைராஜ் சமாதானத்துக்கு வந்துவிட்டார். பதினாலு வரிசை உட்பட முழுக் கூலியும், கோர்ட்டிலேயே, பன்னிரண்டு பேரும் பார்க்க. போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். "இப்பவாவது ஒரு எளநி குடிங்க மேடம். கேஸ்தான் முடிஞ்சுருச்சே." கேஸ் முடிந்துவிட்டதால் குடித்தேன். நல்ல தண்ணீர்.

6. நகல் மனு

நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது செல்வி ஓடி வந்தார். அறிக்கையின் நகல் ஒன்று வேண்டுமாம்.

"எதுக்குங்க? காசுதான் வந்துருச்சே."

"காசு வந்தது இவங்க எல்லாருக்கும் தெரியும் மேடம். சேலை கட்டின மரம் ஒண்ணுகூட சாயலைன்னு நீங்க எழுதியிருக்கீங்கன்னு வக்கீலம்மா சொன்னாங்க. அந்தப் பக்கம் மட்டும் குடுங்க. வர்ற வாரம் ஒருத்தர் தோட்டத்துக்குப் பேசப் போறேன். துணி விஷயம் அவரு காதுக்கு எப்படியும் போயிருக்கும். கேட்டாருன்னா காட்டணும்."

ஒரு பக்கம் மட்டும் தர மாட்டார்கள், முழு அறிக்கையும்தான் வரும் என்றேன். ஸ்டாம்ப் ஒட்டி மனுவை நானே எழுதிக் கொடுத்தேன்.

அறிக்கையை நீதிபதி ஒருவர்தான் படிக்கப் போகிறார் என்று நினைத்து எழுதியிருந்தேன். அந்த அம்மாள் அதை எடுத்துக்கொண்டு வேலை கேட்கப் போனார். கமிஷனராகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பார்த்ததை மட்டும் எழுதுங்கள், பார்த்தது முழுவதையும் எழுதுங்கள். நீங்கள் மூன்றாவது கட்டத்தில் சலிப்போடு எழுதுகிற ஒரு வார்த்தை யாருக்கோ அடுத்த வாரத்து வேலை.