தலையணை உறை போட்ட அப்பா

எனக்கு ஒன்பது வயதில் ஓர் ஆந்தைக் குஞ்சின்மேல் பொறாமை வந்தது. கௌரவமாகச் சொல்ல வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மலேசியாவில் குளுவாங் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால், அப்பா அங்கே வேலை பார்த்தார், அவ்வளவுதான். எலிகளைப் பிடிக்க ஆந்தை வளர்ப்பார்கள். கம்பத்தின் உச்சியில் மரப்பெட்டி வைத்தால் அதில் ஆந்தை குடிவரும். அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. ஒரு புயல்மழையில் கம்பம் ஒன்று சாய்ந்து, பெட்டியிலிருந்த குஞ்சுகளில் ஒன்று மட்டும் பிழைத்தது. அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் வைத்தார்.

வனவிலங்கு இலாகா அதிகாரி வந்து பார்த்துவிட்டு, குஞ்சு மனித முகத்தைப் பார்க்கக் கூடாது, குரலைக் கேட்கக் கூடாது, பழகிவிட்டால் காட்டில் விட முடியாது என்று சொல்லிப் போனார். அன்றிலிருந்து அப்பா ஒரு பழைய தலையணை உறையில் இரண்டு ஓட்டை போட்டு, அதைத் தலையில் மாட்டிக்கொண்டுதான் கொட்டகைக்குள் போவார். பொறியில் விழுந்த எலியைத் துண்டு துண்டாக நறுக்கி, இடுக்கியால் ஊட்டுவார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பெத்த புள்ளைக்கு ஒரு வாய் சோறு ஊட்டுனதில்ல இந்த மனுசன்!"

அம்மா விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. முன்பெல்லாம் வேலை முடிந்து வந்ததும் என் பள்ளிக்கூடக் கதையைக் கேட்பார். இப்போது குளித்த ஈரம் காயுமுன் கொட்டகைக்குள். ஓவியப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிய செய்தியை அந்த உறையிடம்தான் சொன்னேன். உறை ஆள்காட்டி விரலை வாயில் வைத்து "ஷ்" என்றது.

அன்றே முடிவு செய்தேன். அந்தக் குஞ்சு அப்பாவுக்குக் கிடைக்கக் கூடாது.

மத்தியானம் அப்பா காட்டு வேலையில் இருப்பார், அம்மா அசந்து தூங்குவாள். நான் ஐஸ்பெட்டியிலிருந்து கோழி ஈரலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவேன். முகத்தை நன்றாகக் காட்டுவேன். பள்ளிக்கூடக் கதை முழுவதையும் சொல்வேன். முதலில் சீறியது, பிறகு கேட்டது, ஒரே வாரத்தில் என் காலடிச் சத்தத்துக்கே ஓடிவந்தது. சாயங்காலம் உறை போட்டவர் போனால் மூலையில் ஒண்டிக்கொண்டது. கதவிடுக்கில் பார்த்த எனக்கு உள்ளம் குளிர்ந்தது.

சிறகு முளைத்த பிறகு, ஒரு சாயங்காலம் தோட்டத்து ஓரத்தில் விட்டார்கள். அப்பாவும் அதிகாரியும் புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கயிற்றை இழுத்துப் பெட்டியைத் திறந்தார்கள். வரக் கூடாது என்று சொல்லியிருந்தும் நான் கால்வாய் மேட்டில் நின்றேன். அது எழும்பியது, செம்பனைகளுக்கு மேல் ஒரு வட்டம் அடித்தது, நேராக வந்து என் தலையில் உட்கார்ந்தது.

"அலமாக்!" என்று திகைத்தார் அதிகாரி.

அப்பா மெதுவாக எழுந்து வந்தார். "நீ அதுகிட்ட பேசினியாம்மா?"

"தெனமும் பேசுவேம்ப்பா. அதுக்கு என்னத்தான் புடிக்கும்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் மூன்று சாயங்காலம் விட்டுப் பார்த்தார்கள். மூன்று முறையும் என்னிடமே வந்தது. அதற்கு மறுநாள் இலாகா வண்டி வந்தது. இனி ஆயுசுக்கும் கூண்டுதான் என்று அதிகாரி மலாயில் சொன்னதும், அப்பா தலையாட்டியதும் என் காதிலும் கண்ணிலும் விழத்தான் செய்தன.

வண்டி கிளம்பியதும் கூண்டுக்குள்ளிருந்து ஆந்தை கத்த ஆரம்பித்தது. அத்தனை பேர் நிற்க, என்னைப் பார்த்துத்தான் கத்தியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கையை உயர்த்தி டாட்டா காட்டினேன். அப்பா அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

பாவம், அப்பாவுக்கு என்மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.