முன்னால் போட்ட இனிஷியல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் ஒரு கம்பெனி. அதன் கம்ப்யூட்டர் அறைக்கு நான்தான் ராஜா. கோபால் என்ற கம்ப்யூட்டர் மொழியில் பதினைந்து வருஷம் புரோகிராம் எழுதியவன். வீட்டிலும் அதே பேச்சு. “யாரு மாப்ளே அந்த கோபாலு, உங்க ஃப்ரெண்டா?” என்று என் மாமியாரே கேட்டிருக்கிறார். கர்வம் தலைக்கேறிக் கிடந்தது, மறைப்பானேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆபீசுக்கு ஈமெயில் வந்தது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே முகவரி, அதுவும் என் மேஜையில். அதில்தான் ஒரு புது மொழியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே இருப்பதைப் படிக்கலாம், தப்பிருந்தால் திருத்தி அனுப்பலாம். அதை வளர்த்தவர்கள் பல தேசங்களிலிருந்து ஈமெயிலில் பேசிக்கொள்ளும் ஒரு கூட்டம். நானும் சேர்ந்தேன். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி என் அனுபவத்தை ஒரு பக்கத்துக்கு அளந்தேன். ஒருத்தரும் சீந்தவில்லை. எதைத் திருத்தினாய் என்பதுதான் அங்கே பேச்சு.

எங்கள் அறையில் டேட்டா என்ட்ரி செய்கிற அம்மா ஒருவர் இருந்தார். என் வயதுதான். எஸ்டேட்டை ஒட்டிய பட்டரவாக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர், படிப்பு பள்ளியோடு சரி. புரோகிராமர் ஆகிவிட வேண்டும் என்று ஒரே ஆசை. மூன்று முறை மேனேஜரிடம் கேட்டார். டிகிரி இல்லை என்று மூன்று முறையும் திருப்பி அனுப்பினார்கள். புது மொழியின் கையேட்டை நான் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். நான் புரட்டியதோடு சரி. அவர் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுக்கப் படித்தார்.

ஒரு நாள் ஊழியர் பட்டியலை அந்த மொழியில் ஓட்டினால் கடைசி ஆளைக் காணவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அவர் எட்டிப் பார்த்தார். கடைசி வரிக்குப் பிறகு எண்டர் தட்டாவிட்டால் அந்த வரியையே முழுங்கிவிடுகிறது என்றார். வரிகளைப் படிக்கும் பகுதி அந்த மொழியிலேயே எழுதப்பட்டிருந்தது. அதற்குள் போய் மூன்றே வரியில் திருத்தியும் காட்டினார்.

நான் அதை அனுப்பினேன், கீழே என் பேரைப் போட்டு. சத்தியமாகத் திருட நினைக்கவில்லை. எங்கள் ஆபீசில் யார் எழுதினாலும் கடிதம் பெரியவர் கையெழுத்தில்தான் போகும். ஆனால் அந்தக் கூட்டத்தின் வழக்கம் வேறு. திருத்தியவர் பேர் மொழியோடு கூடவே வரும் ஒரு பட்டியலில் ஏறும். இரண்டு நாளில் பதில் வந்தது: நன்றி, உங்கள் பேரைச் சேர்த்துவிட்டோம், சரியா என்று பாருங்கள். பார்த்தால் இனிஷியலைப் பின்னால் போட்டிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! இனிஷியல் என் அப்பா பேர், அது முன்னால்தான் வர வேண்டும் என்று விலாவாரியாக எழுதி மாற்ற வைத்தேன். திருத்தியது நானில்லை, அவர்தான் என்று அந்தக் கடிதத்திலேயே இன்னொரு வரி எழுதியிருக்கலாம். முதல் தடவை செய்தது பழக்கதோஷம். இரண்டாம் தடவை செய்ததற்குப் பேர் திருட்டுதான்.

உங்கள் திருத்தத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அவருக்கு வாயெல்லாம் பல். கூட்டத்தில் என் பேச்சுக்கும் அதன்பிறகு மதிப்பு வந்தது. வெட்கமில்லாமல் அனுபவித்தேன்.

சில மாதம் கழித்து, இரண்டு பஸ் மாறி ஒரு மணி நேரம் போகவேண்டிய வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் புரோகிராமர் வேலைக்கு அவரை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். டிகிரி வேண்டாம், செய்த வேலையைக் காட்டினால் போதும் என்றார்களாம். முந்தின நாள் மத்தியானம் என்னிடம் வந்து, திருத்தியவர்கள் பேர் ஒரு பட்டியலில் ஏறும் என்று கையேட்டில் படித்ததைச் சொல்லி, அந்தப் பட்டியலைப் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். விரலை வைத்து மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் மேலிருந்து படித்தார்.

“எம்பேரு எங்க கீது சார்?”

ஆபீசுக்கு ஒரே ஈமெயில்தானே என்று ஏதோ உளறினேன்.

“அப்போ நான் இன்னாத்த காட்டுவேன்?” என்றார். சண்டையாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

இது இவர் செய்தது என்று அப்போதே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கலாம். கம்பெனி லெட்டர்பேட் என் டிராயரிலேயே இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், எக்ஸைஸ் ஆபீஸ் வரைக்கும் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

மறுநாள் இன்டர்வியூ பத்து மணிக்கு. ஒன்பதரைக்கு நான் உள்ளே நுழைந்தபோது அவர் தன் இடத்தில் உட்கார்ந்து என்ட்ரி செய்துகொண்டிருந்தார்.