எட்டுக் கவுண்ட் கம்ப்யூட்டர்

எங்கள் தெருவில் 'டிசைன்' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவன் செல்லப்பா ஒருவன்தான். இருபது வருஷம் விசைத்தறி ஓட்டியவன். நின்று நின்று முழங்கால் போய்விட்டது. அதனால் சேலைக்கு டிசைன் போடக் கற்றுக்கொண்டான். பூவையும் மாங்காயையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து பென் டிரைவில் ஏற்றித் தருவான். அதைத் தறியின் ஜக்கார்டுப் பெட்டியில் செருகினால் அந்தப் பூ அப்படியே சேலையில் விழும். செருகி ஓடவிடுவது என் வேலை. நான் தறி ஃபிட்டர். படிப்பு எனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை.

அவன் பிழைப்பு ஈரோட்டு வியாபாரி ஒருவரை நம்பி இருந்தது. அவர் விட்டால் திரும்பவும் தறிதான். முழங்காலோ தறிக்கு ஆகாது.

தீபாவளிச் சரக்குக்கு டிசைன் கேட்டபோது அந்த வியாபாரி புதிதாக ஒன்று சொன்னார்.

"வெறும் படம் வேண்டாங்க. நெய்து முடிச்ச சேலை மாதிரியே காட்டுங்க. மடிப்பு விழோணும், சரிகை மின்னோணும். அதைப் பார்த்துட்டுத்தான் ஆர்டர். ஆடி முடியறதுக்குள்ள வேணும்."

செல்லப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் அந்த வேலையைக் கொடுத்தால் உறைந்துபோய் நின்றுவிடும். கட்டி வந்த சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு பஸ் ஏறினான்.

கடையில் இரண்டு பெட்டிகளைக் காட்டியிருக்கிறார்கள். இரண்டுமே பெரிய வேலைக்கான வொர்க் ஸ்டேஷனாம். இரண்டும் கருப்பு, இரண்டும் ஒரே உயரம். விலையில் மட்டும் ஒன்றுக்கு மற்றது ஒன்றரை மடங்கு. தூக்கிப் பார்த்தானாம், எடையும் ஒன்றுதான். என்ன வித்தியாசம் என்று கேட்டதற்குக் கடைக்காரர் மடமடவென்று இங்கிலீஷில் அடுக்கியிருக்கிறார். அதில் இவனுக்குப் புரிந்தது ஒரே வார்த்தை.

வந்து இறங்கியதும் என்னிடம்தான் முதலில் சொன்னான்.

"விலை கூடினதுக்கு கோர் கவுண்ட் இருபத்தி நாலாம் வே. குறைஞ்சதுக்கு எட்டு. கவுண்டுன்னு சொன்ன ஒடனே நான் முழிச்சுக்கிட்டேன்."

"எதை எடுத்த?"

"எட்டு. கவுண்ட் கூடக்கூட நூல் மெலிசு. விலை கூட இருக்கும், பவுசா இருக்கும், ஆனா பொழுதுக்கும் அறும். எட்டுன்னா ஜமுக்காளத்து நூலு. நம்ம வேலைக்குப் பவுசு எதுக்கு? அறாம ஓடணும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நூலில் பிறந்து நூலில் வளர்ந்தவனிடம் கவுண்ட் என்றால் வேறு என்ன தோன்றும்? கடைக்காரரும் ஏன் குறைந்ததை எடுக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கையில் பணம் அவ்வளவுதான் போல என்று நினைத்திருப்பார். கூடியதை வாங்கவும் இவனிடம் பணம் இருந்தது.

ஓரச் சேலை, கட்டம், சின்னப் புட்டா எல்லாம் புதுப் பெட்டியில் பறந்தன. செல்லப்பா நாலைந்து நாள் தலை நிமிர்ந்து நடந்தான். பிறகு வியாபாரி கேட்டதைப் போட்டான். சேலை உடம்பெல்லாம் மயில், முந்தியில் கோபுரம். மடிப்போடு காட்டச் சொல்லிப் பொத்தானை அழுத்தினான். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு ஒன்று திரையில் முளைத்தது. ஒரு பல் அளவு நகர்ந்தது. அவ்வளவுதான். நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், அங்கேயே நின்றது.

"அறலையே வே, ஓடத்தான செய்யுது" என்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடைக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் கேட்டது.

"அண்ணாச்சி, கோருன்னா வேலையாள் மாதிரி. எட்டு ஆள் செய்யதை இருபத்தி நாலு ஆள் செஞ்சா சட்டுனு முடியுமா இல்லையா? அதான் விலை."

"நூல் கவுண்ட் மாதிரி இல்லையா?"

"நூலா?"

மாற்றித் தர முடியாது, பெட்டியைப் பிரித்தாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் மேல் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

செல்லப்பாவின் மனைவி ராஜகுமாரி அடுப்படியில் இருந்தே குரல் கொடுத்தாள். "ஊர்ல எல்லாரும் கூட இருக்கதை எடுத்துட்டு வருவாவ. இவிய கொறைஞ்சதைத் தேடி எடுத்துட்டு வந்திருக்காவ!"

"போடி, ஒனக்கு என்ன தெரியும்" என்றான். அதில் சத்தே இல்லை.

அந்தப் படம் முடிவதற்குள் இரண்டு முறை கரண்ட் போனது. இரண்டு முறையும் முதலில் இருந்து. வியாபாரி தினம் ஒரு தடவை போன் செய்தார், பிறகு செய்யவில்லை. ஆடி கடைசியில் இவனே கூப்பிட்டான்.

"வேற ஒருத்தர் அனுப்பிட்டாருங்க. கோவிச்சுக்காதீங்க. நெசவு உங்க ஊர்லதான் போடறேன்."

போட்டார். எங்கள் தெரு இசக்கித்துரையின் பத்துத் தறிக்கும் அந்த ஆர்டர் வந்தது. பென் டிரைவை என் கையில் கொடுத்தார்கள். செல்லப்பாவின் மயில் இல்லை, எவனுடையதோ அன்னம். நான் கூலிக்காரன், செருகினேன். தறி ஓடியது. அன்னம் ஒவ்வொன்றாக விழுந்தது.

மூன்றாம் நாள் செல்லப்பா வந்தான். துணியைத் தொட்டுப் பார்த்தான். "முந்தி நல்லா விழுந்திருக்கு" என்றான். அப்புறம் என்னைப் பார்க்காமல் இசக்கித்துரையைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, ஷிப்டுக்கு ஆள் வேணுமா?"

இசக்கித்துரை அவன் முழங்காலைப் பார்த்தார். "நிக்க முடியுமாலே?"

"நின்னு பாக்கேன்."

தறிச் சத்தத்தில் அவன் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னான்.