இருபது கிலோ மிளகாய்த்தூள்

மடவார் வளாகம் பகுதியில் சண்முகத்தாயின் மில்லைத் தெரியாதவர்கள் குறைவு. கணவர் பாண்டிதுரை பட்டாளத்திலிருந்து திரும்பி ஆலங்குளத்தில் காவலாளி வேலைக்குச் சேர்ந்த வருஷம், அவள் அரவை மிஷின் வாங்கிப் போட்டாள். பிறகு சொந்தமாக மிளகாய்த்தூள் பாக்கெட் போடத் தொடங்கினாள். முறைப்படி உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்தப் பதினான்கு இலக்க எண்ணைப் பாக்கெட்டில் பெரிதாக அச்சடித்திருந்தாள்.

போன ஐப்பசியில் விடாத மழை. வாங்கிய மிளகாய் வத்தல் காயவில்லை, கடைக்காரர்களோ போன்மேல் போன் போட்டார்கள். அப்போதுதான் ராஜபாளையம் வியாபாரி ஆவுடையப்பன், அரைத்த தூளே இருக்கிறது என்றார்.

"கலரைப் பாருங்க மதினி. நீங்க அரைச்சாக்கூட இம்புட்டு வராது."

"பில்லு போட்டுத் தாங்க."

"நமக்குள்ள என்ன மதினி பில்லு?"

இருபது கிலோ வாங்கித் தன் பாக்கெட்டில் அடைத்தாள். வேலை முடிந்து கை கழுவியபோது சிவப்பு போகவில்லை. இரண்டு தரம் சோப்புப் போட்டும் விரலிடுக்கில் அப்படியே நின்றது. மிளகாய்ச் சிவப்பு இப்படி ஒட்டாது என்பது அவளுக்குத் தெரியும். வாசலில் கடைகளுக்குப் போகிற ஆட்டோ நின்றது. அவள் பாக்கெட் மூட்டைகளை ஏற்றிவிட்டாள்.

ஒன்பதாம் நாள் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வெங்கடேஸ்வரி மில்லுக்கு ஆய்வுக்கு வந்தார். மீதமிருந்த பாக்கெட்டுகளிலிருந்து மாதிரி எடுத்து, நான்காகப் பிரித்து சீல் வைத்து, கையெழுத்து வாங்கிப் போனார். மூன்று வாரத்தில் முடிவு வந்தது. துணிக்குப் போடுகிற சாயம் கலந்திருக்கிறது; உண்ணத் தகுந்ததல்ல.

"நான் கலக்கல மேடம். வாங்கித்தான் போட்டேன்."

"பில் இருந்தா வித்தவரையும் கேஸ்ல சேக்கலாம். ஆனா பாக்கெட்ல இருக்கது உங்க பேரு, உங்க நம்பரு. சட்டப்படி நீங்கதான் தயாரிப்பாளர்."

ஆவுடையப்பனுக்குப் போன் செய்தாள். "எந்தத் தூளு? நான் வத்தல் வியாபாரம்லா பாக்கேன்" என்று வைத்துவிட்டார்.

பாண்டிதுரை வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். "அந்த ரிப்போர்ட்டை எதுத்து முப்பது நாளைக்குள்ள அப்பீல் பண்ணலாமாம். நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருவோம், ஏட்டி."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கைச் சாயம் போகல. அன்னைக்கே சந்தேகம் வந்துச்சு. இருந்தும் ஏத்திவிட்டேன்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையிலேயே அவள் கடை கடையாகப் போய்ப் பாக்கெட்டுகளைத் திரும்ப வாங்கினாள். வ. புதுப்பட்டியில் மாரிசாமி கடையில் எட்டுதான் மிஞ்சியிருந்தன. சாமான் வாங்க வந்து நின்ற வெள்ளத்தாய் அவளைப் பார்த்ததும் சிரித்தாள்.

"உங்க தூளுதான் தாயி எங்க வீட்டுல. பேரனுக்குக்கூட நம்பிப் போடுதேன்."

சண்முகத்தாய் விஷயத்தைச் சொன்னாள். வெள்ளத்தாயின் முகம் மாறியது.

"மூணு வாரமாத் திங்கானே. பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?"

ஆகாது என்று சண்முகத்தாய் சொல்லவில்லை. "நாளைக்கே டாக்டரம்மாட்ட கூட்டிட்டுப் போவோம், நானும் வாரேன்" என்றாள்.

பையனுக்குக் குறை ஒன்றுமில்லை என்றார் டாக்டர். நாள்பட்டு ஏதாவது வருமா என்று கேட்டதற்கு, இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

அன்று மதியமே சண்முகத்தாய் அலுவலகத்துக்குப் போய், கையில் சாயம் ஒட்டியதுவரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். "அப்பீல் பண்ண உங்களுக்கு உரிமை இருக்கும்மா" என்றார் வெங்கடேஸ்வரி. வேண்டாம் என்றாள். ஆவுடையப்பன் பெயரையும் எழுதியிருந்தாள். அலுவலர்கள் அவர் குடோனில் எடுத்த மாதிரியில் சாயம் எதுவும் இல்லை.

பதிவை நிறுத்திவைத்திருக்கிறார்கள். மில் பூட்டிக் கிடக்கிறது. கோர்ட்டில் அவள்மேல் வழக்கு நடக்கிறது; மூன்று வாய்தா முடிந்துவிட்டது. முதல் வாய்தாவுக்குத் தனியாகப் போனாள். இரண்டாவதிலிருந்து பாண்டிதுரை லீவு போட்டுவிட்டுக் கூட வருகிறார். கூப்பிடும்வரை இரண்டு பேரும் கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.